உழைப்புக்குச் சான்று யார் கையில்?

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் ஒன்றிய பாஜக அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உழைக்கும் வர்க்கம் போராடிப் பெற்ற 29 சட்டங்களை விழுங்கிய அந்தத் தொகுப்புகளுக்கு நல்ல முகம் காட்ட வேண்டிய தேவை அரசுக்கு இருந்தது. அதற்காக அது முன்னிறுத்திய வாக்குறுதிகளில் முதன்மையானது, இனி ஒவ்வொரு தொழிலாளிக்கும் பணி நியமனக் கடிதம் கட்டாயம் என்பதாகும். யுஏஎன் எண், இ-ஷ்ரம் அட்டை, கிக் தொழிலாளர்க்கான அடையாள எண் என அரசு முத்திரை தாங்கிய மின்னணுச் சான்றுகளும் உழைப்பாளியின் கைபேசிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன.

இவை வேண்டாம் என்று ஒதுக்குவது உழைக்கும் வர்க்கத்தின் நிலைப்பாடாக இருக்க முடியாது. 2023-24ஆம் ஆண்டுக்கான தொழிலாளர் படைக் கணக்கெடுப்பின்படி, வேளாண்மை அல்லாத துறைகளில் நிரந்தர ஊதியமோ சம்பளமோ பெறுவோரில் சுமார் 58 விழுக்காட்டினர் எழுத்துபூர்வமான வேலை ஒப்பந்தம் இல்லாதவர்கள். “நீ இங்கேதான் வேலை செய்தாய் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்ற ஒற்றைக் கேள்வியில் விபத்து இழப்பீடும் பணிக்கொடையும் நிலுவைக் கூலியும் கரைந்துபோவதைத் தொழிற்சங்க ஊழியர்கள் நாள்தோறும் காண்கின்றனர். ஒரு தாளின், ஓர் எண்ணின் மதிப்பை அவர்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆனால், சான்று வந்துவிட்டது என்று அரசு சொல்லும்போது சில கேள்விகளை எழுப்பியே ஆக வேண்டும். அந்தச் சான்றை எழுதுபவர் யார்? வேலையளிப்பவர் என்று அதில் யாருடைய பெயர் இருக்கிறது? அதை முடக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது? சான்றே இல்லாதபோது உண்மையை மெய்ப்பிக்கும் சுமை யார் தலையில் விழுகிறது? இவற்றுக்கான விடைகளே ஒரு சான்று உழைப்பாளியின் உரிமையா, முதலாளியின் சலுகையா என்பதைத் தீர்மானிக்கின்றன.

முதலாளியின் சொல்லே ஆவணம்

ஒரு நிறுவனத்தோடு ஒருவருக்கு உள்ள தொடர்பை அரசே பதிந்து சான்றளிப்பது இந்தியாவில் புதிய செய்தியன்று. மேல்மட்டத்தில் இருப்போர்க்கு அது எப்போதோ கிடைத்துவிட்டது. 2006ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத் திருத்தம் இயக்குநர் அடையாள எண்ணைக் கொண்டுவந்தது. 8 இலக்கங்கள் கொண்ட அந்த எண், ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் ஒன்றே. அவர் எந்த நிறுவனத்தில் எந்த நாளில் இயக்குநரானார் என்பது நிறுவன விவகார அமைச்சகத்தின் பதிவேட்டில் இருக்கிறது. வெளியாரும் அதைப் பார்க்க வழியுண்டு. வங்கியோ வணிகக் கூட்டாளியோ அவரிடம் வேறு ஆதாரம் கேட்பதில்லை.

சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு 2020 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதற்குக் கட்டணமில்லை; ஆவணங்களைப் பதிவேற்ற வேண்டியதில்லை. உரிமையாளர் தம்மைப் பற்றித் தாமே சொல்லும் உறுதிமொழி போதும். க்யூஆர் குறியீட்டோடு கூடிய அரசுச் சான்றிதழ் கைக்கு வந்துவிடும். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று அந்தப் படிவம் கேட்கிறது. அவர்கள் யார் என்று கேட்பதில்லை. 2025 சனவரியில் நிறுவனங்களுக்கென ‘என்டிட்டி லாக்கர்’ என்ற மின்னணு ஆவணப் பெட்டகத்தையும் அரசு அறிமுகப்படுத்தியது. நிறுவனத்தின் சார்பில் செயல்பட யாருக்கு அதிகாரம் உண்டு என்பதை ஆதார் வழியே உறுதிசெய்து, அவரவர் பொறுப்புக்கு ஏற்ப ஆவணங்களைத் திறந்துகாட்டும் ஏற்பாடு அது.

ஆக, தொழில்நுட்பம் இருக்கிறது, நிர்வாகத் திறனும் இருக்கிறது. இன்னார் இந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று அரசால் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல முடிகிறது. முதலாளியையும் அவர்தம் அதிகாரம் பெற்ற கையொப்பக்காரரையும் பற்றிப் பேசும்வரைதான் இந்தத் திறன் வேலை செய்கிறது.

2014 அக்டோபர் 16 அன்று ‘ஷ்ரமேவ ஜயதே’ என்ற பெயரில் பிரதமர் மோடி தொடங்கிவைத்த நிகழ்ச்சியை நினைவுகூர்வது பொருத்தம். வருங்கால வைப்பு நிதிக்கான யுஏஎன் எண் தொழிலாளர்க்கு வழங்கப்பட்டது அந்த மேடையில்தான். அதே மேடையில் நிறுவனங்களுக்கு ஒற்றை அடையாள எண்ணும், அவை தாமே தமக்குச் சான்றளித்துக்கொள்ளும் இணையதளமும், எந்த ஆலையை ஆய்வு செய்வது என்பதைக் கணினி குலுக்கிப்போட்டுச் சொல்லும் முறையும் வந்தன. தொழிலாளிக்கு எண் கொடுத்த கையே, அந்த எண் சரியாக எழுதப்படுகிறதா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டிய ஆய்வாளரின் கையைக் கட்டிப்போட்டது.

எண் உண்டு, பெயர் இல்லை

தொழிலாளியின் சான்றுகளை இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பெருந்தொற்றுக் காலத்தில் நெடுஞ்சாலைகளில் நடந்து சென்ற புலம்பெயர் தொழிலாளரில் எத்தனை பேர் இறந்தனர் என்ற தரவு தன்னிடம் இல்லை என 2020 செப்டம்பரில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் கூறியது. 2021 சூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் காலக்கெடு விதித்த பின்னரே, அமைப்புசாராத் தொழிலாளர்க்கான இ-ஷ்ரம் தளம் அதே ஆண்டு ஆகஸ்ட் 26இல் தொடங்கப்பட்டது. இன்று 30 கோடிக்கும் மேற்பட்டோர் அதில் பதிந்துள்ளனர். அந்த அட்டையில் பெயர் இருக்கிறது, முகவரி இருக்கிறது, செய்யும் தொழில் இருக்கிறது. வேலையளிப்பவரின் பெயர் மட்டும் இல்லை. சூரத்தின் விசைத்தறிக் கூடத்தில் உழைக்கும் ஒடிசா தொழிலாளிக்கு, அவர் ஒரு நெசவாளி என்று அரசு சான்றளிக்கிறது. யாருடைய தறியில் நெய்கிறார் என்று சொல்வதில்லை. கூலி நிலுவை பற்றியோ இயந்திரத்தில் சிக்கிய விரலைப் பற்றியோ வழக்காட வேண்டி வந்தால் இந்த அட்டையால் அவருக்குப் பயனில்லை.

யுஏஎன் இதைவிட வலுவான சான்று. 12 இலக்க எண்ணின்கீழ் வேலையளிப்பவரின் பெயரும் மாதந்தோறும் செலுத்தப்பட்ட தொகையும் பதிவாகின்றன. ஆனால் வைப்பு நிதிச் சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கே பொருந்தும். அதற்குள் வருவோர்க்கும், மாதாந்திர மின்னணு அறிக்கையைப் பதிவேற்றுவது வேலையளிப்பவரே. அவர் ஒரு பெயரை விட்டுவிட்டால் அந்த மாதம் அந்தத் தொழிலாளி அங்கே வேலை செய்யவில்லை என்றாகிவிடும். சம்பளத்தில் பிடித்த பணம் செலுத்தப்படாமல் போனாலும் பதிவேடு மௌனமாகவே இருக்கும்.

ஒப்பந்தத் தொழிலாளரின் நிலை இன்னும் மோசம். ஆண்டுதோறும் நடத்தப்படும் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு, அமைப்புசார் உற்பத்தித் துறையில் தொழிலாளரில் பத்தில் நால்வர் ஒப்பந்ததாரர் மூலம் வருவோர் என்று காட்டுகிறது. எஃகு ஆலையிலோ துறைமுகத்திலோ மின்நிலையத்திலோ ஒரே இடத்தில் பதினைந்து ஆண்டு உழைத்தவரின் யுஏஎன் கணக்கைத் திறந்தால், டெண்டருக்கு டெண்டர் மாறிய நான்கைந்து ஒப்பந்ததாரர்களின் பெயர்கள் வரிசையாக நிற்கும். அவர் உழைத்த ஆலையின் பெயர் அங்கே இராது. ஒப்பந்ததாரர் மாறும்போது புதிய எண் போடப்பட்டு, பழைய சேவைக் காலம் அறுந்துபோவதும் உண்டு. தொடர்ச்சியான பணிக்காலத்தைச் சார்ந்திருக்கும் பணிக்கொடை அதோடு போய்விடுகிறது. ஆலையின் பெயரைத் தாங்கிய ஒரே ஆவணமாக அவரிடம் இருப்பது கேட் பாஸ். அதுவும் நிர்வாகத்தின் சொத்து. வேலைநிறுத்தத்தின் மறுநாள் காலையில் வாயில் கதவில் அது செல்லாமல் போவது தற்செயலாக நடப்பதன்று.

இப்போது வாக்களிக்கப்படும் நியமனக் கடிதத்தின் கதையும் இதுவே. சட்டத் தொகுப்பின் வரையறையில் ‘வேலையளிப்பவர்’ என்ற சொல் ஒப்பந்ததாரரையும் உள்ளடக்குகிறது. ஆகவே ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கடிதம் வந்தால் அது ஒப்பந்ததாரரின் தாளில்தான் வரும். அவர் உண்மையில் யாருக்காக உழைக்கிறார் என்பதை மறைக்கும் திரையாக அந்தக் கடிதமே பயன்படக்கூடும்.

பறிக்கப்பட்ட ஏடுகள்

கடிதம் கட்டாயம் என்று முழங்கும் அரசு, அதே தொகுப்புகளின் வழியே எவற்றையெல்லாம் பறித்திருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படம் ஒட்டிய ஏடு ஒன்றை ஒப்பந்ததாரர் வழங்க வேண்டும் என்றது. வேலை செய்யும் நிறுவனத்தின் பெயரும் இடமும், வேலைக் காலமும், கூலி விகிதமும், பிடித்தங்களும், ஊர் திரும்பும் பயணச் செலவும் அதில் எழுதப்பட வேண்டும். ஆங்கிலம், இந்தி ஆகியவற்றோடு, தொழிலாளியின் மொழி வேறாக இருந்தால் அந்த மொழியிலும் எழுதப்பட வேண்டும் என்பது அச்சட்டத்தின் சிறப்பு. தன்னைப் பற்றிய ஆவணம் தனக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது எளிய சனநாயக நெறி. அச்சட்டம் பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது உண்மை. அதை நடைமுறைப்படுத்த வேண்டிய அரசு, அந்த ஏட்டையே புதிய தொகுப்பிலிருந்து நீக்கிவிட்டது.

1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் மத்திய விதிகள், வேலையில் சேர்ந்த மூன்று நாட்களுக்குள் வேலை அட்டையும், விலகும்போது பணிச் சான்றிதழும் தர வேண்டும் என்றன. அச்சட்டம் 20 தொழிலாளர் இருந்தாலே பொருந்தியது. புதிய தொகுப்பில் அந்த வரம்பு 50. 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம் தொழிலாளி நிரந்தரமானவரா, பதிலியா, தற்காலிகமானவரா என்பதை எழுத்தில் வரையறுக்கச் செய்தது. அதற்கேற்ற டிக்கெட்டையோ அட்டையையோ வழங்கச் செய்தது. பொதுவாக 100 பேர் உள்ள ஆலைகளுக்கு இருந்த அந்தக் கடமை, இப்போது 300 பேருக்குக் குறைந்த ஆலைகளுக்கு இல்லை. ஒரு கையால் கடிதத்தைக் கொடுத்து, மறு கையால் அட்டையையும் ஏட்டையும் நிலையாணையையும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மெய்ப்பிக்கும் சுமை

இந்த ஆவணங்கள் இல்லாமற்போவதன் முழுப் பொருள் நீதிமன்றத்தில்தான் தெரியும்.

இந்தியத் தொழிற்தகராறு வழக்குகளின் வரலாற்றில் உழைப்பாளிக்கு ஒளி தந்த தீர்ப்புகள் உண்டு. 1957இல் தராங்கத்ரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கில், கட்ச்சின் உப்பளங்களில் உற்பத்தி அளவுக்கேற்பக் கூலி பெற்ற அகாரியாக்கள் ஒப்பந்தக்காரர்கள் அல்லர், தொழிலாளர்களே என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. 1978இல் ஹுசைன்பாய் வழக்கில், கோழிக்கோட்டுக் கயிற்று ஆலைத் தொழிலாளர்க்காக நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் திரையை விலக்கிப் பார்த்தார். இடையில் ஒப்பந்ததாரர் நின்றாலும், உழைப்பின் பயனை அனுபவிப்பவரும் பொருளாதாரக் கட்டுப்பாடு உடையவருமே உண்மையான வேலையளிப்பவர் என்றார். 1985இல் பி.எம். படேல் வழக்கில், வீட்டில் இருந்தபடி பீடி சுற்றும் பெண்களும் வைப்பு நிதிக்கு உரியவர்களே என்று தீர்ப்பாயிற்று.

தாராளமயக் காலத்தில் காற்று திசைமாறியது. 2001இல் இந்திய எஃகு ஆணைய வழக்கில், ஒப்பந்தமுறை ஒழிக்கப்பட்டாலும் தொழிலாளர் தாமாகவே முதன்மை நிறுவனத்தின் ஊழியர் ஆகிவிட மாட்டார்கள் என்று அரசியல் சாசன அமர்வு கூறியது. 2002இல் ஹதிமனி வழக்கில், ஓராண்டில் 240 நாட்கள் வேலை செய்ததை மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளியுடையதே. அவருடைய பிரமாண வாக்குமூலம் மட்டும் போதாது என்று கூறப்பட்டது. 2004இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத் தொழிலாளர் வழக்கிலும், வேலை உறவு இருந்தது என்பதைக் கோருபவரே மெய்ப்பிக்க வேண்டும் என்ற நிலைப்பாடு உறுதியாயிற்று. 2005இல் எல்லட்டி வழக்கில் சற்றே தளர்வு கிடைத்தது. தினக்கூலிகளிடம் நியமனக் கடிதமோ சம்பளச் சீட்டோ இருப்பதில்லை என்பதை ஒப்புக்கொண்ட நீதிமன்றம், மஸ்டர் ரோலைக் கொண்டுவரும்படி நிர்வாகத்தைத் தொழிலாளி கோரலாம் என்றது. ஆனால் தொடக்கச் சுமை அவர் தோளிலிருந்து இறங்கவில்லை.

வருகைப் பதிவேடு முதலாளியிடம். சம்பளப் பட்டியல் அவரிடம். சிசிடிவி காட்சிகளும் கைரேகைப் பதிவும் அவரிடம். ஆனால் வேலை செய்ததை மெய்ப்பிக்க வேண்டியவர் வெறுங்கையோடு நிற்கும் தொழிலாளி. ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய செய்தியை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையதே என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலேயே உள்ள நெறி. புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. அந்த நெறியைத் தொழிலாளர் வழக்குகளுக்கு முழு மனதோடு விரித்திருந்தால் அட்டைகளின் தேவையே பாதி குறைந்திருக்கும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2006ஆம் ஆண்டுப் பரிந்துரை, எண் 198, இதைத்தான் சொல்கிறது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், வேலை எப்படி நடந்தது, ஊதியம் எப்படி வந்தது என்ற மெய்ந்நிலையே முதன்மையானது. உரிய அறிகுறிகள் இருந்தால் வேலை உறவு இருப்பதாகவே சட்டம் முன்கூட்டிக் கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

சங்கிலியாக மாறிய சான்றுகள்

சான்று உழைப்பாளியை விடுவிக்கும். அதுவே கட்டியும் போடும். பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவையில் நடக்கும் வழக்கு தமிழ் படித்தோர் அறிந்தது. அங்கே தீர்ப்பை நிர்ணயித்தது ஆளோலை. அடிமை என்று ஒருவரைக் காட்டும் அந்த ஓலையும் அதன் மூலமும் ஆள்பவர் கையில்தான் இருந்தன. பக்திச் சுவையை அதன் இடத்தில் விட்டுவிட்டாலும், அக்காலச் சமூகத்தில் ஆளுக்கும் ஆண்டைக்கும் இடையிலான உறவுக்கு ஆவணம் எழுதி வைத்துக்கொள்பவர் யார் என்பதை அந்தக் காட்சி தெளிவாகவே காட்டுகிறது.

முதலாளித்துவம் அந்த ஓலையை ஏடாக மாற்றியது. பிரான்சில் நெப்போலியன் ஆட்சிக் காலத்தில், 1803இல், தொழிலாளர் ஏடு என்ற முறை சட்டமாயிற்று. வேலையில் சேரும்போது தொழிலாளி தன் ஏட்டை முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டும். கடனும் கடமையும் தீர்ந்தன என்று அவர் எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த ஆலையில் வேலை. ஏடின்றி ஊர்விட்டு ஊர் செல்பவர் நாடோடியாகக் கருதப்பட்டார். 1890இல்தான் அம்முறை ஒழிந்தது.

மின்னணுப் பதிவு இந்த ஆபத்தை மேலும் கூர்மையாக்குகிறது. ஒருவர் எங்கெங்கே வேலை செய்தார், எத்தனை மாதத்தில் நின்றார், எந்த வேலைநிறுத்தக் காலத்தில் நீக்கப்பட்டார் என்ற வரலாறு அடுத்த முதலாளியின் திரையில் தெரியுமானால், அது சங்கம் அமைப்போர்க்கு எதிரான கறுப்புப் பட்டியலாகிவிடும். நீண்ட காலம் யுஏஎன் கணக்கில் வேலையைவிட்டு விலகிய நாளைக் குறிக்கும் அதிகாரம் வேலையளிப்பவரிடம் மட்டுமே இருந்தது. அவர் குறிக்காமல் விட்டதால் சொந்தச் சேமிப்பை எடுக்க இயலாமல் அலைந்தோர் பலர். பின்னர் அந்த வசதி தொழிலாளிக்கும் தரப்பட்டது. சுட்டிக்காட்டியும் போராடியும் பெற்ற அந்தச் சிறு மாற்றம், பதிவேட்டின் சாவி கைமாற முடியும் என்பதற்குச் சான்று.

ஆதாரோடு கட்டாயமாக இணைப்பது இன்னொரு பூட்டு. 2021இல் ஆதாருடன் இணையாத யுஏஎன் கணக்கில் பங்களிப்பைச் செலுத்த முடியாது என்ற நிபந்தனை வந்தபோது, பீடி, கட்டுமானம், தோட்டத் தொழில்களுக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும் கூடுதல் அவகாசம் தர வேண்டியதாயிற்று. யார் விடுபட்டுப் போவார்கள் என்பது அரசுக்கே தெரிந்திருந்தது என்பதே இதன் பொருள். 2025 ஆகஸ்ட் முதல் புதிய எண்ணுக்கு உமங் செயலியில் முகத்தைக் காட்டும் முறை வந்தது. உழைத்துத் தேய்ந்த விரல் ரேகையும், தரம் குறைந்த கைபேசியும், இனிஷியல் முன்னும் பின்னுமாக விழுந்த பெயரும் ஒரு மனிதரின் உழைப்பைச் செல்லாததாக்கிவிட இயலும். மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் தமிழ்த் தொழிலாளர்க்கு, தந்தை பெயர் எங்கே, குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கும் படிவங்களின் தொல்லை பழகிப்போன ஒன்று.

செயலியின் அடையாள எண்

நிறுவனத்தோடு இணைந்த தொழிலாளி என்பதற்கு அரசு தரும் மின்னணு அடையாளத்தின் புதிய வடிவம் கிக் தொழிலாளர் பதிவில் உருவாகிறது. 2022இல் நிதி ஆயோக் வெளியிட்ட மதிப்பீடு, 2020-21இல் இத்தகையோர் 77 லட்சம் என்றும், 2029-30இல் 2.35 கோடியாகலாம் என்றும் கூறியது. 2025 பிப்ரவரி நிதிநிலை அறிக்கை இவர்களுக்கு அடையாள அட்டையும் இ-ஷ்ரம் பதிவும் வாக்களித்தது. செயலி நிறுவனங்கள் தம்மையும் தம்மிடம் வேலை செய்வோரையும் அத்தளத்தில் பதிவேற்ற வேண்டும்.

ஆனால் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, கிக் தொழிலாளி என்பவர் மரபான வேலையளிப்பவர் - தொழிலாளி உறவுக்கு வெளியே சம்பாதிப்பவர் என்றே வரையறுக்கிறது. இதன் விளைவு விந்தையானது. இவர் இந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று அரசின் எண் சொல்கிறது; இந்த நிறுவனம் இவருக்கு வேலையளிப்பவர் அன்று என்று அரசின் சட்டம் சொல்கிறது. ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு, அதுவும் தொழிலாளர்க்குக் கொடுத்த தொகையில் 5 விழுக்காட்டுக்கு மிகாமல் செலுத்திவிட்டால் நிறுவனத்தின் கடன் தீர்ந்தது. குறைந்தபட்சக் கூலி, வேலைநேர வரம்பு, பணிநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு ஆகிய எவற்றுக்கும் அந்த எண் சாவியாகாது. ‘ஐடி பிளாக்’ என்று உணவு விநியோகத் தொழிலாளர் சொல்லும் தண்டனை, ஒரு பொத்தானில் வேலையைப் பறிக்கிறது. அந்த நாளில் அரசின் அட்டை கைபேசியில் சும்மா கிடக்கும்.

மாநிலங்களில் சில அடிகள் முன்னே வைக்கப்பட்டுள்ளன. 2023இல் ராஜஸ்தானும், 2025இல் கர்நாடகமும் கொண்டுவந்த சட்டங்கள் நல வாரியத்தையும், ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனித்த எண்ணையும் ஏற்படுத்தின. காரணத்தை எழுத்தில் சொல்லி, 14 நாள் முன்னறிவிப்புத் தராமல் நீக்கக் கூடாது என்று கர்நாடகச் சட்டம் கூறுகிறது. தொழிலாளர் அமைப்புகளின் இயக்கத்தால் வந்த இந்த ஏற்பாடுகளை வரவேற்கலாம். எனினும் தொழிலாளி என்ற தகுதியை அவையும் முழுமையாக அளிக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஏற்ற செயலித் தொழில் நெறியாணையோ, கட்டுப்பாடும் மேற்பார்வையும் இருப்பதாகத் தெரிந்தால் வேலை உறவு உண்டு என்றே கொள்ளப்படும்; இல்லை என்று மெய்ப்பிப்பது நிறுவனத்தின் பொறுப்பு என்கிறது. முதலாளித்துவ நாடுகளே ஏற்ற இந்த எளிய நெறியை மோடி அரசு தொட மறுக்கிறது.

மாற்று உண்டு

இதற்கு மாற்றை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களில் தொழிலாளர் வாரியங்கள் அமைந்தன. அன்றாடம் கப்பலடியில் கங்காணியின் விரல்நுனிக்காகக் காத்துக் கிடந்தவர்கள், வாரியத்தின் பதிவேட்டில் இடம்பெற்ற தொழிலாளர் ஆனார்கள். எந்தக் கப்பலில் வேலை செய்தாலும் அவர்களுடைய பதிவு வாரியத்திடம் இருந்தது. அந்த வாரியத்தில் தொழிற்சங்கங்களுக்கும் இடம் இருந்தது.

1969இல் மகாராட்டிரத்தில் இயற்றப்பட்ட மாத்தாடி சட்டம் இதே கருத்தைச் சந்தைகளுக்கும் கிடங்குகளுக்கும் கொண்டுசென்றது. சுமைப்பணித் தொழிலாளி ஒரே நாளில் மூன்று வணிகர்களிடம் மூட்டை தூக்குவார். இவர்களில் யார் அவருடைய முதலாளி என்ற கேள்வியை அச்சட்டம் வேறு வழியில் தீர்த்தது. தொழிலாளியும் வணிகரும் முத்தரப்பு வாரியத்தில் பதிந்துகொள்ள வேண்டும். கூலியையும் அதன்மேல் விதிக்கப்படும் வரியையும் வணிகர் வாரியத்தில் செலுத்துவார். வாரியம் கூலியைத் தொழிலாளிக்குத் தந்து, வைப்பு நிதி, பணிக்கொடை, விடுப்பு, மருத்துவம் ஆகியவற்றைத் தானே பார்த்துக்கொள்ளும். 1981இல் தனியார் பாதுகாவலர்க்கும் இதே வழியில் சட்டம் வந்தது. செயலி, கணினி எதுவும் இல்லாத காலத்தில், பல முதலாளிகளிடம் சிதறி உழைப்பவரின் வேலையை ஒரு பொதுப் பதிவேடு கணக்கில் கொண்டது. இன்று கைபேசியில் ஒவ்வொரு நொடியும் பதிவாகும் உழைப்பைக் கணக்கிட முடியாது என்று நிறுவனங்கள் சொல்வதை எப்படி நம்புவது?

இந்த வாரியங்களிலும் குறைகள் உண்டு. விலக்குகள் வழங்கி அவற்றை அரசுகள் நலிவடையச் செய்துள்ளன, ஊழலும் புகுந்துள்ளது. ஆயினும் அடிப்படைப் பாடம் நிலைத்து நிற்கிறது. பதிவேடு முதலாளியின் மேசையிலிருந்து பொது அமைப்பின் கைக்கு மாறி, அதைச் சங்கத்தின் கண் கண்காணிக்கும்போதுதான் சான்று உரிமையாகிறது.

கோரிக்கைகளும் கடமைகளும்

ஆகவே சட்டத் தொகுப்புகளைத் திரும்பப் பெறுவதற்கான போராட்டத்தின் பகுதியாக, உழைப்புக்கான சான்று பற்றிய திட்டவட்டமான கோரிக்கைகளையும் முன்வைக்க வேண்டும்.

முதலாவது, வேலை உறவு இருப்பதாகவே சட்டம் முன்கூட்டிக் கொள்ள வேண்டும். இல்லை என்று சொல்லும் முதலாளியே அதை மெய்ப்பிக்க வேண்டும். இரண்டாவது, நியமனக் கடிதத்திலும் யுஏஎன் கணக்கிலும் இ-ஷ்ரம் பதிவிலும் முதன்மை வேலையளிப்பவரின் பெயரும் வேலை செய்யும் இடமும் கட்டாயமாக இடம்பெற வேண்டும். ஒப்பந்ததாரர் மாறினாலும் பணித்தொடர்ச்சி அறுபடக் கூடாது. மூன்றாவது, தொழிலாளி தன் வேலையைத் தானே பதிவு செய்யும் உரிமை வேண்டும். குறித்த காலத்துக்குள் நிர்வாகம் ஆதாரத்தோடு மறுக்காவிட்டால் அந்தப் பதிவு உறுதியாக வேண்டும். உத்யம் பதிவில் முதலாளியின் சொந்த உறுதிமொழியை நம்பும் அரசு, தொழிலாளியின் உறுதிமொழியை நம்பத் தயங்குவதற்கு நியாயம் இல்லை. நான்காவது, ஒருவரின் வேலை வரலாறு அவர் இசைவின்றி அடுத்த முதலாளிக்குத் தெரியக் கூடாது. ஐந்தாவது, மின்னணுச் சான்று இல்லை என்பதோ ஆதார் பொருந்தவில்லை என்பதோ எந்த உரிமையையும் மறுக்கக் காரணமாகக் கூடாது. தொழிலாளியின் மொழியில் எழுதிய தாள் ஆவணமும் உடன் வழங்கப்பட வேண்டும். ஆறாவது, செயலித் தொழிலாளரைத் தொழிலாளராகவே ஏற்று, முத்தரப்பு வாரியங்களை அமைக்க வேண்டும்.

இவை சட்டமாகும்வரை காத்திருக்க முடியாது. கட்சிக் கிளைகளும் தொழிற்சங்க ஊழியர்களும் இப்போதே செய்யக்கூடியவை பல. ஒவ்வொரு தொழிலாளியும் தன் யுஏஎன் கணக்கைத் திறந்து, யாருடைய பெயரில் எத்தனை மாதம் பணம் செலுத்தப்பட்டுள்ளது என்று பார்ப்பதற்கு வாயிற்கூட்டங்களை ஒட்டி உதவி முகாம்களை நடத்தலாம். கேட் பாஸின் ஒளிப்படம், கூலி வந்த வங்கிக் கணக்கின் பக்கம், ஷிஃப்ட் மாற்றத்தைச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தி, பாதுகாப்புப் பயிற்சியில் இட்ட கையொப்பம், ஐடி முடக்கப்பட்டபோது திரையில் தோன்றிய அறிவிப்பு ஆகியவற்றைச் சேர்த்து வைக்கப் பழக்க வேண்டும். நாளை நீதிமன்றத்தில் பேசப்போகும் சாட்சிகள் இவையே. ஒப்பந்தத் தொழிலாளரின் பெயர், பணியிடம், சேர்ந்த நாள் ஆகியவற்றைச் சங்கமே தன் பதிவேட்டில் எழுதி, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளரின் சங்கங்கள் தம் ஆலைக்குள் உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்க்குச் சாட்சி சொல்ல முன்வருவது வர்க்க ஒற்றுமையின் உரைகல்.

பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள் உழைத்ததால்தான் ஆலைகள் ஓடுகின்றன, நகரங்கள் எழுகின்றன, உணவு வீட்டு வாசலுக்கு வருகிறது. அந்த உழைப்பை ஒப்புக்கொள்ள வேண்டியது அதனால் பயனடைவோரின் கடமை. ஒப்புக்கொள்ளச் செய்ய வேண்டியது அரசின் கடமை. அரசு அதைத் தட்டிக்கழிக்கும்போது, சங்கத்தின் பதிவேட்டை முழுமையாக்கி, தெருவிலும் ஆலை வாயிலிலும் சட்டமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் இக்கோரிக்கைகளை ஒலிக்கச் செய்வோம். எண்ணோடு சேர்த்து உரிமையையும் வென்றெடுப்போம்.